பிளேடைத் தின்பது கந்தகமா, உப்பா?

எரிந்த வாயு பிளேடுகளைத் தள்ளிச் சுழற்றும் கேஸ் டர்பைன் மின் நிலையம் ஒன்றில் புதிதாகச் சேர்ந்திருக்கும் ஓர் இளம் பொறியாளர் கேட்ட கேள்வி இது: “எங்கள் இயந்திரம் டீசலிலும் ஓடும், கச்சா எண்ணெயை வடித்தபின் அடியில் மிஞ்சும் ஃபர்னஸ் ஆயிலிலும் ஓடும். டீசலில் ஓட்டினால் பிளேடு பல வருடம் தாங்குகிறது, ஃபர்னஸ் ஆயிலில் சீக்கிரம் அரித்துவிடுகிறது என்று சீனியர்கள் சொல்கிறார்கள். அதில் கந்தகம் அதிகம் என்பதுதானே காரணம்? கந்தகம் குறைந்த எண்ணெயாகப் பார்த்து வாங்கினால் பிரச்சினை தீர்ந்துவிடுமா?”

தீராது. கந்தகம் குற்றவாளிக் கூண்டில் நிற்க வேண்டிய ஆள்தான், ஆனால் தனியாக அல்ல. அதோடு கூட்டுச் சேர சோடியமோ பொட்டாசியமோ இல்லாவிட்டால், சூடான பகுதியில் கந்தகத்தால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. எரிந்து வாயுவாகி, புகைபோக்கி வழியே போய்விடும். எண்ணெயில் வனேடியம் இருந்தால் கந்தகத்தின் தயவே வேண்டாம், பிளேடை அது தனியாகவே தின்னும். இருபது வருடத்துக்கு மேல் இந்த இயந்திரங்களோடு குடித்தனம் நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன்: எண்ணெயின் தரச் சான்றிதழில் எல்லோரும் முதலில் பார்ப்பது கந்தகத்தின் சதவீதத்தை. நான் முதலில் தேடுவது கடைசி வரிகளில் பொடி எழுத்தில் இருக்கும் உலோகங்களின் பிபிஎம் கணக்கை, அதாவது பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்பதை.

ஏன் என்று சொல்ல, பிளேடு எப்படி உயிரோடு இருக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

டர்பைன் பிளேடு நிக்கல் கலவை. அதில் கலந்திருக்கும் குரோமியமும் அலுமினியமும் சூட்டில் ஆக்ஸிஜனோடு சேர்ந்து மேலே ஒரு மெல்லிய ஆக்ஸைடு தோலைப் போர்த்துகின்றன. தலைமுடியை விடப் பல மடங்கு மெல்லிய அந்தத் தோல்தான் பிளேடின் கவசம். அது இருக்கும்வரை உள்ளே இருக்கும் உலோகம் காற்றைப் பார்ப்பதே இல்லை. சுற்றிலும் வெறும் சூடான வாயு மட்டும் இருந்தால் இந்தத் தோல் ஆயிரக்கணக்கான மணி நேரம் தாங்கும். அதன் மேல் ஒரு திரவம் வந்து உட்கார்ந்தால்தான் கதை மாறுகிறது.

பொற்கொல்லர் நகை பற்றவைப்பதைப் பார்த்திருப்பீர்கள். பற்றவைக்கும் இடத்தில் கொஞ்சம் வெங்காரம் வைப்பார். சூட்டில் வெங்காரம் கண்ணாடிபோல் உருகி, உலோகத்தின் மேலிருக்கும் ஆக்ஸைடைக் கரைத்து எடுத்துவிடும். அப்போதுதான் பற்று பிடிக்கும். டர்பைனுக்குள் நடப்பதும் இதே வேலைதான், நமக்கு வேண்டாத இடத்தில் நடக்கிறது என்பதுதான் வித்தியாசம். உருகிய உப்பு பிளேடின் மேல் படலமாகப் பரவி அந்த ஆக்ஸைடு தோலைக் கரைக்கிறது. தோல் போனதும் பிளேடு உள்ளிருந்து குரோமியத்தை அனுப்பி மறுபடி தோல் போர்த்தப் பார்க்கும். அதையும் உப்பு கரைக்கும். ஒரு கட்டத்தில் அனுப்பக் குரோமியம் தீர்ந்துவிடும். அதற்கப்புறம் அரிப்பு நடக்கும் வேகத்தைப் பார்த்தால் பயமாக இருக்கும். வருடக்கணக்கில் ஒன்றும் தெரியாமல் இருந்துவிட்டு, அடுத்த சில நூறு மணி நேரத்தில் பிளேடு கையை விட்டுப் போய்விடுகிறது. இதைத்தான் ஹாட் கரோஷன் என்கிறோம்.

ஆகவே எந்த எரிபொருளைப் பார்த்தாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இதை எரித்தால் மிஞ்சும் சாம்பல், என் பிளேடு இருக்கும் சூட்டில் உருகுமா, உருகாதா?

முதல் ஆள் சோடியம் சல்ஃபேட். எரிபொருளிலோ காற்றிலோ வரும் சோடியமும், எரிபொருளில் இருக்கும் கந்தகமும் தீயில் சேர்ந்து இது உருவாகிறது. 884 டிகிரி செல்சியஸில் உருகும். அதனால் பிளேடின் மேற்பரப்பு ஏறத்தாழ 850 முதல் 950 டிகிரி வரை இருக்கும் இடங்களில் இதன் ஆட்டம் உச்சத்தில் இருக்கும். அதற்கு மேல் சூடு ஏறினால் உப்பு ஆவியாகிவிடும், படிய முடியாது. இந்த வகை அரிப்பில் பிளேடு வீங்கிக் கொப்புளித்து, சில இடங்களில் பச்சை நிறம் பூத்து நிற்கும். அந்தப் பச்சை நிக்கல் ஆக்ஸைடு. இயந்திரத்தைப் பிரிக்காமல் உள்ளே விட்டுப் பார்க்கும் குழாய்க் கேமராவான போரோஸ்கோப்பில் பச்சை தெரிந்தால் கவசம் போய்விட்டது, அடி உலோகமே எரிகிறது என்று அர்த்தம்.

இரண்டாம் வகை கொஞ்சம் தந்திரமானது. 600 முதல் 800 டிகிரி வரை, அதாவது சோடியம் சல்ஃபேட் தனியாக உருகவே முடியாத சூட்டில் இது நடக்கிறது. பிளேடிலோ கோட்டிங்கிலோ இருக்கும் கோபால்ட்டும் நிக்கலும், கந்தகம் எரிந்து புகையில் வரும் சல்ஃபர் டிரைஆக்ஸைடோடு சேர்ந்து சல்ஃபேட்டாக மாறி, சோடியம் சல்ஃபேட்டோடு கலக்கின்றன. கலவை என்றாலே உருகுநிலை இறங்கும். கோபால்ட் சல்ஃபேட்டும் சோடியம் சல்ஃபேட்டும் சரியான விகிதத்தில் சேர்ந்தால் 565 டிகிரியிலேயே உருகிவிடும். 1970களில் கப்பல்களில் ஓடிய கேஸ் டர்பைன்களில்தான் இது தனி வகை என்று அடையாளம் கண்டார்கள். கப்பல் பெரும்பாலும் குறைந்த வேகத்தில் போவதால் இயந்திரமும் குறைந்த சூட்டில் ஓடும். சூடு குறைந்தால் பிளேடுக்கு நல்லது என்று நாம் நினைப்போம், இங்கே அது தலைகீழ். இதில் வீக்கம் கிடையாது. அம்மைத் தழும்புபோல் குழி குழியாக விழும், அதுவும் பிளேடின் இறக்கைப் பகுதியை விட்டுவிட்டு, கீழே, இறக்கை நிற்கும் மேடையான பிளாட்ஃபாரத்துக்கு அடியில், வேர்ப் பக்கத்தில். போரோஸ்கோப்பைச் சும்மா மேலோட்டமாக விட்டுப் பார்ப்பவர் கண்ணில் இது படாது.

சரி, கந்தகக் கணக்குக்கு வருவோம். ஒரு கிராம் சோடியம் முழுவதும் சல்ஃபேட்டாக மாற 0.7 கிராம் கந்தகம் போதும். எரிபொருளில் சோடியம் 1 பிபிஎம் இருக்கிறது என்று வையுங்கள். அதைப் பிடித்துக்கொள்ளத் தேவையான கந்தகம் 0.7 பிபிஎம். இந்தியாவில் 2020 ஏப்ரலில் வந்த பிஎஸ்-6 டீசல், சுத்தத்தில் உச்சம் என்று பெயர் வாங்கியது. அதில் அனுமதிக்கப்பட்ட கந்தகம் 10 பிபிஎம். அதாவது அந்தச் சுத்தமான டீசலில்கூட 1 பிபிஎம் சோடியத்துக்குத் தேவைப்படுவதைப் போலப் பதினான்கு மடங்கு கந்தகம் இருக்க இடமுண்டு. இரண்டு சதவீதக் கந்தகத்தைப் பாதியாகக் குறைத்து வாங்கி நிம்மதியாகத் தூங்குவதில் அர்த்தமில்லை என்று நான் சொல்வது இதனால்தான். இரண்டாம் வகை அரிப்புக்கு வாயுவில் சல்ஃபர் டிரைஆக்ஸைடு ஓரளவு வேண்டும் என்பதால், அங்கே கந்தகம் குறைவது உதவும். மறுக்கவில்லை. ஆனால் முதல் வகையில் கடிவாளம் சோடியத்தின் கையில்தான் இருக்கிறது.

சோடியம் எங்கிருந்து வருகிறது? சுத்திகரிப்பு ஆலையிலிருந்து கிளம்பும் டீசலில் அது இல்லாத மாதிரிதான். வழியில் ஏறிக்கொள்கிறது. கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 11 கிராம் சோடியம் உண்டு. 12,000 லிட்டர் டேங்கர் லாரி டீசலில் ஒரே ஒரு லிட்டர் கடல்நீர் கலந்தால் கணக்குப் போட்டுப் பாருங்கள், 1 பிபிஎம்மைத் தாண்டிவிடும். கேஸ் டர்பைன் எண்ணெய்களுக்கான அமெரிக்கத் தர அமைப்பான ஏஎஸ்டிஎம்மின் டி2880 தர வரையறையில், டீசல் வகைகளுக்குச் சோடியமும் பொட்டாசியமும் சேர்ந்து 0.5 பிபிஎம்முக்குள் இருக்க வேண்டும். ஆகவே ஒரு லாரிக்கு ஒரு குடம்கூட வேண்டாம், ஒரு சொம்புத் தண்ணீர் போதும், தரம் போச்சு. இத்தனைக்கும் அந்த லாரியில் மாதிரி எடுத்துக் கந்தகம், அடர்த்தி, ஃபிளாஷ் பாயின்ட் என்று எதைச் சோதித்தாலும் எல்லாமே பாஸ் ஆகும்.

இது எனக்கு நடந்தது. வளைகுடாக் கடற்கரையில் ஒரு நிலையத்தில் இருந்தபோது, வழக்கமான எரிபொருள் வரத்து சில வாரம் தடைப்பட்டு, அவசரத்துக்கு வேறொரு இடத்திலிருந்து டீசல் எடுத்தோம். டீசல்தானே, ஃபர்னஸ் ஆயிலை விட நல்லதுதானே என்று யாரும் அலட்டிக்கொள்ளவில்லை. டேங்கில் இறக்கி, படிய விடாமல் அன்றே ஓட்டத் தொடங்கினோம். அடுத்த ஆய்வில் வாயுவைப் பிளேடுகள் மேல் திருப்பிவிடும் முதல் வரிசை நாசில்களில் திட்டுத் திட்டாக அரிப்பு. டேங்கின் அடியைத் திறந்து பார்த்தால் நாலு விரல் உயரத்துக்கு உப்புத் தண்ணீர். வந்த எண்ணெயிலேயே இருந்ததா, ஏற்கெனவே எங்கள் டேங்கின் அடியில் கிடந்ததை அவசரமாக இறக்கிய எண்ணெய் கலக்கிவிட்டதா என்று இன்றுவரை எனக்குள் வாதம் உண்டு. இரண்டாவதுதான் என்று இப்போது நம்புகிறேன். அதற்கப்புறம் எத்தனை அவசரம் என்றாலும், 24 மணி நேரம் படிய வைத்து அடியை வடித்த டேங்கிலிருந்து மட்டுமே இயந்திரத்துக்கு எண்ணெய் விடுவது என்று வைத்துக்கொண்டேன். டேங்கின் உள்ளே எண்ணெயை உறிஞ்சும் குழாயும் மிதவையோடு மேல் மட்டத்திலேயே இருக்க வேண்டும். அடியிலிருந்து உறிஞ்சினால் வண்டலைத்தான் குடிக்கக் கொடுக்கிறோம்.

எரிபொருளை மட்டும் திட்டுவதும் நியாயமில்லை. ஒரு பெரிய கேஸ் டர்பைன் ஒரு கிலோ எண்ணெய்க்கு நாற்பது, ஐம்பது கிலோ காற்றை விழுங்குகிறது. காற்றில் சோடியம் 0.02 பிபிஎம் இருந்தாலே அது எரிபொருளில் 1 பிபிஎம் இருப்பதற்குச் சமம். கடலோர நிலையத்தில் காற்று ஃபில்ட்டர் சரியில்லாவிட்டால், எண்ணெயை எவ்வளவு கழுவினாலும் உப்பு வாசல் வழியாகவே வந்துகொண்டிருக்கும். விமான எஞ்சின்களில் இதற்கு நல்ல உதாரணம் உண்டு. போயிங் 787இல் ஓடும் ரோல்ஸ் ராய்ஸ் டிரென்ட் 1000 எஞ்சினின் நடு அழுத்த டர்பைன் பிளேடுகள் கந்தக அரிப்பால் விரிசல் விடுவது 2016இல் பெரிய செய்தியானது. அங்கே எரிபொருளை யாரும் குறை சொல்லவில்லை. நகரங்களின் மாசடைந்த காற்றில் இருக்கும் கந்தகச் சேர்மங்களைத்தான் காரணம் காட்டினார்கள். இத்தனைக்கும் ஜெட் எரிபொருளில் கந்தகத்துக்கான உச்சவரம்பு 0.3 சதவீதம். பிஎஸ்-6 டீசலோடு ஒப்பிட்டால் 300 மடங்கு. அப்படியிருந்தும் ஜெட் எஞ்சின்கள் எரிபொருளால் பெரிதாக அரிப்பதில்லை என்றால், காய்ச்சி வடித்த மண்ணெண்ணெய் வகை என்பதால் அதில் சோடியமும் வனேடியமும் ஏறக்குறைய இல்லை என்பதுதான் காரணம். கடலுக்கு மேல் தாழப் பறக்கும் ஹெலிகாப்டர்களுக்கு மட்டும் அந்தச் சலுகை கிடையாது. அவற்றின் எஞ்சினைத் தினமும் நல்ல தண்ணீரில் அலசுவார்கள்.

அடுத்தது வனேடியம். உங்கள் ஃபர்னஸ் ஆயில் கதையின் உண்மையான வில்லன் இதுதான்.

சோடியத்தையாவது தண்ணீர் விட்டுக் கழுவிவிடலாம். வனேடியத்தைக் கழுவ முடியாது, ஏனென்றால் அது எண்ணெயில் தூசியாகக் கிடக்கவில்லை, எண்ணெயின் மூலக்கூறுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. 1930களில் ஆல்ஃபிரட் டிரைப்ஸ் என்ற ஜெர்மன் வேதியியலாளர் இதைக் கண்டுபிடித்தார். இலைப் பச்சையத்தின் நடுவில் மெக்னீசியம் இருக்கிறதல்லவா, அதேபோன்ற வளையத்தின் நடுவில் வனேடியம் உட்கார்ந்திருக்கும் மூலக்கூறுகள் கச்சா எண்ணெயில் உண்டு. பல கோடி வருடங்களுக்கு முன் மடிந்த கடல் பாசியின் பச்சையம்தான் அப்படி மாறியது. பெட்ரோலியம் உயிர்களிலிருந்து பிறந்தது என்பதற்கு அது பெரிய சாட்சியானது. நம் பிளேடுகளுக்கு மட்டும் அது கெட்ட செய்தி. வடிக்கும்போது இந்தக் கனமான மூலக்கூறுகள் ஆவியாகாமல் அடியிலேயே தங்கிவிடும். அதனால்தான் டீசலில் வனேடியம் இருப்பதில்லை, ஃபர்னஸ் ஆயிலில் குவிந்து கிடக்கிறது. எந்த மண்ணின் எண்ணெய் என்பதைப் பொறுத்தும் அளவு மாறும். வெனிசுவேலாவின் போஸ்கான் கச்சா எண்ணெயில் ஆயிரம் பிபிஎம்முக்கு மேல் உண்டு.

எரிந்ததும் இது வனேடியம் பென்டாக்ஸைடு ஆகிறது. உருகுநிலை சுமார் 690 டிகிரி. சோடியமும் கூடச் சேர்ந்தால் 600க்கும் கீழே இறங்கிவிடும். நாசில், பிளேடு என்று டர்பைனின் சூடான பாதையில் எங்கே பட்டாலும் அது திரவம்தான். அது ஆக்ஸைடு தோலைக் கரைப்பதோடு நிற்காமல், ஆக்ஸிஜனை உள்ளே சுமந்து போய்க் கொடுக்கும் தரகர் வேலையும் செய்கிறது. பீங்கான் கோட்டிங் போட்டால் தப்பிக்கலாமே என்று தோன்றும். அந்தச் சிர்கோனியா கோட்டிங்கை நிலையாக வைத்திருப்பது அதில் கலந்திருக்கும் இட்ரியா என்ற ஆக்ஸைடு. வனேடியம் அந்த இட்ரியாவைத் தேடிப் போய்ப் பிடித்துக்கொள்ளும். இட்ரியா போனால் கோட்டிங் வெடித்து உதிரும்.

இங்கேதான் வாங்கும் பிரிவினர் அடிக்கடி சறுக்குகிறார்கள். கப்பல் எண்ணெய்க்கான ஐஎஸ்ஓ 8217 தர வரையறையில் பரவலாக விற்கும் 380 வகை ஃபர்னஸ் ஆயிலில் வனேடியம் 350 பிபிஎம் வரை இருக்கலாம். கப்பலின் டீசல் எஞ்சின் அதைச் சமாளிக்கும். கேஸ் டர்பைனுக்கு, மருந்து எதுவும் சேர்க்காமல் எரிக்க அனுமதிக்கப்பட்ட அளவு 0.5 பிபிஎம். இரண்டுக்கும் 700 மடங்கு வித்தியாசம். “தரச் சான்றிதழ் உள்ள எண்ணெய் சார்” என்று நீட்டுவார்கள். சான்றிதழ் உண்மைதான், இயந்திரம்தான் வேறு. அதேபோல் கந்தகம் குறைந்தது என்பதால் வனேடியமும் குறைவாக இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. பல எண்ணெய்களில் இரண்டும் சேர்ந்தே குறையும், ஆனால் அது விதி அல்ல. எண்ணைப் பார்க்காமல் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

அப்படியானால் ஃபர்னஸ் ஆயிலிலும் கச்சா எண்ணெயிலும் கேஸ் டர்பைன் ஓட்டுபவர்கள் என்ன செய்கிறார்கள்? ஓட்டத்தான் செய்கிறார்கள். சவூதி அரேபியாவில் கச்சா எண்ணெயையே எரித்து எத்தனையோ இயந்திரங்கள் ஓடியிருக்கின்றன. இலங்கையில் கெரவலப்பிட்டியில் இருக்கும் 300 மெகாவாட் யுகதனவி நிலையமும் ஃபர்னஸ் ஆயில் எரிக்கும் கேஸ் டர்பைன் நிலையம்தான். வனேடியத்தை வெளியேற்ற முடியாது என்பதால் அதன் பல்லைப் பிடுங்குகிறார்கள். எண்ணெயில் மெக்னீசியம் மருந்தைக் கலப்பார்கள், எடைக் கணக்கில் ஒரு பங்கு வனேடியத்துக்கு மூன்று பங்கு மெக்னீசியம். தீயில் இரண்டும் சேர்ந்து மெக்னீசியம் வனடேட் ஆகிறது. இதன் உருகுநிலை 1,000 டிகிரிக்கு மேல். பிளேடின் மேல் திரவமாகப் பரவாது, பொடியாகத்தான் படியும். பொடி அரிக்காது.

அரிக்காது, ஆனால் அடைக்கும். 120 மெகாவாட் அளவுள்ள ஓர் இயந்திரம் மணிக்குச் சுமார் 33 டன் ஃபர்னஸ் ஆயில் குடிக்கும். அதில் வனேடியம் 50 பிபிஎம் என்றால் மணிக்கு ஒன்றரை கிலோவுக்கு மேல் வனேடியம், அதைக் கட்டிப்போட ஐந்து கிலோ மெக்னீசியம். இரண்டும் சேர்ந்து மணிக்குப் பத்து கிலோவுக்கும் மேல் சாம்பல். பெரும்பகுதி பறந்து போய்விடும். ஒட்டிக்கொள்ளும் சிறு பகுதியே நாசில்களின் வாயைச் சுருக்கி, நாளுக்கு நாள் மெகாவாட்டைக் குறைத்துக்கொண்டே வரும். அப்புறம் இயந்திரத்தை நிறுத்தி, உள்ளே 150 டிகிரிக்குக் கீழே வரும்வரை ஆறவிட்டு, வெந்நீர் விட்டு ஊறவைத்துக் கழுவ வேண்டும். எங்கள் இயந்திரத்துக்கு ஏறக்குறைய பத்து நாளுக்கு ஒரு குளியல். உப்பைத் தின்றவன் தண்ணீர் குடித்தே ஆக வேண்டும் என்ற பழமொழி இதற்கென்றே சொன்னதுபோல் இருக்கும். சில நாள் சும்மா நிறுத்தி வைத்தாலே மெகாவாட் கொஞ்சம் திரும்பக் கிடைப்பதும் உண்டு. மிஞ்சிய மெக்னீசியம் கந்தகத்தோடு சேர்ந்து படிவில் உண்டாகும் மெக்னீசியம் சல்ஃபேட் காற்றின் ஈரத்தை உறிஞ்சி ஊதி உதிர்ந்துவிடும்.

இந்த வைத்தியத்துக்குப் பத்தியமும் உண்டு. எரியும் சூட்டை, அதாவது வாயு டர்பைனுக்குள் நுழையும் சூட்டை, ஏறத்தாழ 1,100 டிகிரிக்குள் வைக்க வேண்டும். அதற்கு மேல் போனால் தண்ணீரில் கரையும் மெக்னீசியம் சல்ஃபேட் கரையாத மெக்னீசியம் ஆக்ஸைடாகிப் பாறைபோல் பிடித்துக்கொள்ளும், கழுவினாலும் போகாது. அதனால்தான் இந்த எண்ணெய்களுக்குப் பழைய, சூடு குறைந்த, முரட்டு மாடல்களையே தேடுகிறார்கள். 1,300 டிகிரிக்கு மேல் எரிக்கும் புதிய மாடல்களின் பிளேடுகளில் குளிரூட்ட ஊசித் துளைகள் நிறைய இருக்கும். சாம்பல் அந்தத் துளைகளை அடைத்தால் அரிப்பு வரைகூடப் போகத் தேவையில்லை, பிளேடு அதற்கு முன்பே வெந்துவிடும். தவிர, இயந்திரத்தை எப்போதும் டீசலில் தொடங்கி, சூடானதும் ஃபர்னஸ் ஆயிலுக்கு மாற்றி, நிறுத்தும் முன் மறுபடி டீசலுக்கு வர வேண்டும். இல்லையென்றால் குழாய்களிலும், தீயில் எண்ணெய் தூவும் நாசில்களிலும் அந்த எண்ணெய் கெட்டிப்பட்டு உட்கார்ந்துவிடும்.

மருந்து பம்ப் நின்றுபோய் யாரும் கவனிக்காத ஓர் இரவு, ஒரு மாதப் பராமரிப்பை வீணாக்கும். அலாரம் வைத்தால் போதாது, பம்ப் நின்றால் இயந்திரம் தானாக டீசலுக்கு மாறும்படி வையுங்கள்.

இதெல்லாம் இன்றைய பிரச்சினை இல்லை. அமெரிக்காவின் யூனியன் பசிபிக் ரயில்வே 1950களில் தொடங்கி 1969 வரை கேஸ் டர்பைன் ரயில் எஞ்சின்களைச் சரக்கு இழுக்க ஓட்டியது. கடைசியாக வந்தவை 8,500 குதிரைத் திறன் கொண்ட ராட்சதர்கள். எரிபொருள் பங்கர்-சி என்னும் அடிமண்டி எண்ணெய். யாரும் சீந்தாத கழிவு என்பதால் அடிமாட்டு விலைக்குக் கிடைத்தது, சூடாக்கினால்தான் குழாயில் ஓடும். பிளேடுகளில் படிவும் தேய்மானமும் கூடவே வந்தன. 1953இல் ஓர் எஞ்சினைப் புரொப்பேன் வாயுவில் ஓட்டிப் பார்த்தார்கள். பிளேடுகள் சுத்தமாக இருந்தன, ஆனால் வாயுவைச் சுமந்து திரிவது பெரும்பாடாக இருந்ததால் கைவிட்டார்கள். பின்னாளில் அந்தக் கழிவு எண்ணெயையும் உடைத்து லாபமான பொருளாக்கச் சுத்திகரிப்பு ஆலைகள் கற்றுக்கொண்டன. எண்ணெய் விலை ஏறியது. மலிவு போனதும், அந்த எஞ்சின்களின் தொல்லையைப் பொறுத்துக்கொள்ளக் காரணமும் போனது.

உலோகவியல் பக்கம் இரண்டு வரி. பிளேடின் கலவையில் குரோமியம் எவ்வளவு என்று பாருங்கள். தரையில் ஓடும் இயந்திரங்களுக்கென்றே பேர்பெற்ற இன்கோனல் 738இல் 16 சதவீதம். விமான எஞ்சின்களுக்காக வந்த சிஎம்எஸ்எக்ஸ்-4இல் 6.5 சதவீதம்தான். பின்னது சூட்டில் பலமானது, உப்பின் முன் சோனி. விமான எஞ்சினிலிருந்து பிறந்த டர்பைன் உங்களிடம் இருந்தால் எரிபொருள் விஷயத்தில் இரண்டு மடங்கு கறாராக இருங்கள்.

மற்ற எரிபொருள்களைப் பற்றியும் கேட்பார்கள் என்பதால் சுருக்கமாக. இயற்கை வாயு சுத்தம்தான், ஆனால் அதோடு திரவத் துளிகள் வந்தால் உப்பும் ஏறி வரும். அதனால் வாயுவை அதன் பனிநிலைக்கு, அதாவது துளியாகத் தொடங்கும் சூட்டுக்கு, மேல் 28 டிகிரியாவது சூடாக்கி அனுப்பச் சொல்வார்கள். சென்னை பேசின் பிரிட்ஜ் நிலையம்போல் நாப்தா என்னும் லேசான எண்ணெயில் ஓடக் கட்டியவற்றில் சாம்பல் பயம் குறைவு. அங்கே கவலை வேறு, நாப்தாவுக்கு வழவழப்பு இல்லை, பம்பும், எண்ணெயைப் பங்கிட்டு அனுப்பும் ஃப்ளோ டிவைடரும் தேயும். பயோடீசல் பச்சை எரிபொருள் என்று ஆர்வமாகப் பேசுகிறார்கள். அதைத் தயாரிக்கும்போது சோடியம் அல்லது பொட்டாசியம் காரம் சேர்ப்பார்கள். வாகனங்களுக்கான ஐரோப்பியத் தரம் இஎன் 14214 இந்த இரண்டும் சேர்ந்து 5 பிபிஎம் வரை அனுமதிக்கிறது. காருக்கு அது ஒன்றுமில்லை. டர்பைனுக்கு அது வரம்பைப் போலப் பத்து மடங்கு.

சூடான பகுதிக்கு வருமுன்பே அரிக்கும் கதை ஒன்றும் உண்டு. டேங்கின் அடியில் தண்ணீர் நின்றால், எண்ணெயும் தண்ணீரும் சந்திக்கும் கோட்டில் பூஞ்சை வளரும். மண்ணெண்ணெய்ப் பூஞ்சை என்றே ஒன்றுக்குப் பெயர். எண்ணெயைத் தின்று அமிலத்தைக் கக்கும், டேங்கின் அடித்தகட்டைக் குழியாக்கும், மிஞ்சிய சளி ஃபில்ட்டரை அடைக்கும். பூஞ்சைக்கொல்லி இருக்கிறது, ஆனால் அளவு தவறினால் அதுவே வினை. 2020 பிப்ரவரியில் லண்டன் கேட்விக்கிலிருந்து கிளம்பிய ஓர் ஏர்பஸ் ஏ321இன் இரண்டு எஞ்சின்களும் தடுமாறின. பராமரிப்பின்போது பூஞ்சைக்கொல்லியைப் பரிந்துரைத்த அளவைப்போல முப்பது மடங்குக்கும் மேல் ஊற்றியிருந்தார்கள். தண்ணீரை வடித்திருந்தால் மருந்தே வேண்டியிருக்காது என்பது என் கட்சி.

கந்தகத்துக்கு ஒரு நியாயமும் செய்துவிடுகிறேன். அது உண்மையிலேயே தனியாக அரிக்கும் இடம் இயந்திரத்தின் குளிர்ந்த முனை. டர்பைனின் புகைச் சூட்டில் நீராவியும் எடுக்கும் கம்பைண்ட் சைக்கிள் நிலையத்தில் பாய்லரின் கடைசிக் குழாய்களில் வாயு ஆறும்போது கந்தக அமிலம் வியர்த்துப் படியும். கந்தகம் அதிகமான எண்ணெய் எரித்தால், உள்ளே வரும் தண்ணீரின் சூட்டைக் கூட்டி வைத்து, கொஞ்சம் வெப்பத்தைப் புகைபோக்கியில் இழந்துதான் ஆக வேண்டும். உங்கள் நிலையத்தில் அந்தக் குழாய்கள்தான் போகின்றன என்றால், கந்தகம் குறைந்த எண்ணெய் கட்டாயம் உதவும்.

பிளேடுதான் பிரச்சினை என்றால், கொள்முதல் ஒப்பந்தத்தில் சோடியம், பொட்டாசியம், வனேடியம், கால்சியம், ஈயம் ஐந்துக்கும் தனித்தனி உச்சவரம்பு எழுதச் சொல்லுங்கள். கால்சியம் கழுவினாலும் போகாத கெட்டிப் படிவைத் தரும். ஈயமும் பிளேடை அரிக்கும். மாதிரியை லாரியில் எடுப்பதோடு நிறுத்தாமல், இயந்திரத்துக்குள் நுழையும் குழாயில், கழுவும் பகுதியையும் மருந்து சேர்க்கும் இடத்தையும் தாண்டிய பின் எடுக்க வேண்டும். எண்ணெய் கழுவும் நிலையத்தில் ஷிஃப்டுக்கு ஒரு முறையாவது சோதியுங்கள். ஸ்பெக்ட்ரோமீட்டரில் சில நிமிட வேலை.

இன்னொன்று, மாதிரியைக் கண்ணாடிப் பாட்டிலில் எடுக்காதீர்கள். சாதாரணக் கண்ணாடியிலேயே சோடியம் இருக்கிறது, மாதிரியில் கசியும். புது பிளாஸ்டிக் பாட்டில் எடுத்து, அந்த எண்ணெயாலேயே இரண்டு முறை அலசிவிட்டுப் பிடியுங்கள். மூடியின் உட்பக்கத்தில் விரல் படக் கூடாது. ஒருமுறை சோடியம் 3 பிபிஎம் என்று வந்து நிலையமே அல்லோலகல்லோலப்பட்டது. கழுவும் இயந்திரத்தைக் கழற்றப் போகும் நேரத்தில் மறுபடி மாதிரி எடுத்தால் 0.4. முதல் மாதிரியை எடுத்த பையன் ஆகஸ்ட் மாத வெயிலில் கையுறை போடாமல் வியர்க்க விறுவிறுக்க மூடியைத் திருகியிருக்கிறான்.